அரைக்கை ஸ்வெட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மஃப்ளரும் குழந்தைத் தொப்பியும் பின்னத் தெரியும். கனமில்லாத அரைக்கை ஸ்வெட்டர் ஒன்று எனக்கே பின்னிக்கொள்ள ஆசை. மார்பளவு 36 அங்குலம். எந்த நூல், எத்தனை கண்ணி என்று முழு அளவும் தர முடியுமா? — வாசகி, பெங்களூரு

பதில்: தாராளமாக. மஃப்ளர் பின்னுகிறவருக்கு இதில் புதிதாக இருக்கப்போவது கழுத்து மட்டும்தான். முன்பக்கம் ஒரு செவ்வகம், பின்பக்கம் ஒரு செவ்வகம். கைக்குழிக்கென்று கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) குறைக்க வேண்டியதே இல்லை.

நூல் 4 ப்ளை (நூலின் தடிமன் அளவு) பருத்தி. 50 கிராம் பந்தில் 165 மீட்டர் அளவுக்கு இருக்க வேண்டும். 250 கிராம் போதும், ஆனால் 300 ஆகவே வாங்குங்கள். எல்லாப் பந்திலும் ஒரே லாட் எண்தானா (ஒரே தடவையில் சாயம் போட்டதைக் காட்டும் எண்) என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பாதியில் தீர்ந்து வேறு லாட்டில் வாங்கினால், வெயிலில் நிற்கும்போது நிற வித்தியாசம் பட்டை பட்டையாகத் தெரியும். ஊசி 9ஆம் நம்பர், அதாவது 3.75 மி.மீ. ரிப்புக்கு (ஓரங்களில் வரும் இழுபடும் பட்டைக்கு) 10ஆம் நம்பர், 3.25 மி.மீ. இந்த நம்பர் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும். புதிதாக வாங்குகிறவர்கள் தலைகீழாக எடுத்துவிடுவது உண்டு. 4 ப்ளைக்கு வழக்கமான ஊசி 10தான். ஒரு நம்பர் தடித்த ஊசியாக எடுப்பதால் துணி இறுகாமல், காற்றோட்டமாகத் தொங்கும். கீழே உள்ள கணக்கு 10 செ.மீ. அகலத்துக்கு 24 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 32 வரிசை என்ற அளவில் போட்டது.

பின்பக்கம்: 10ஆம் நம்பர் ஊசியில் 122 கண்ணி போடுங்கள். இரண்டு நிட் (நேர்ப் பின்னல்), இரண்டு பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று ரிப் 16 வரிசை. தொடக்கமும் முடிவும் இரண்டு நிட்டாக வரும். தைக்கும்போது இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி தையலுக்குள் போய்விடுவதால், பக்கத் தையலைத் தாண்டியும் ரிப் வரிசை உடையாது. பிறகு 9ஆம் நம்பருக்கு மாறி, வெளிப்பக்கம் நிட், உட்பக்கம் பர்ல். கீழிருந்து 33 செ.மீ. வந்ததும் இரு ஓரத்திலும் வேறு நிற நூலால் குறி வையுங்கள். கை அங்கேதான் தொடங்கும். குறியிலிருந்து 58 வரிசை நேராகப் பின்னிவிட்டு, அடுத்த நிட் வரிசையில் 39 கண்ணி பின்னி, நடு 44ஐ முடித்துவிட்டு (அவிழாதபடி மூடிவிட்டு), மீதி 39ஐயும் பின்னுங்கள். ஒரு பக்கக் கண்ணிகளைப் பெரிய சேஃப்டி பின்னில் கோத்து வைத்துவிட்டு, மற்றதைக் கழுத்து ஓரத்தில் இரண்டு வரிசைக்கு ஒரு கண்ணியாக இருமுறை குறையுங்கள். குறியிலிருந்து 64ஆம் வரிசையில் 37 கண்ணி நிற்கும், முடித்துவிடலாம். மறுபக்கமும் அப்படியே.

முன்பக்கத்தில் குறி வரை எந்த மாற்றமும் இல்லை. குறிக்குப் பின் 38 வரிசை மட்டும் நேராகப் பின்னி, நடு 24 கண்ணியை முடியுங்கள். இரு பக்கமும் 49 மிஞ்சும். இரண்டு வரிசைக்கு ஒன்றாக 12 முறை குறைத்தால் இங்கும் 64ஆம் வரிசையில் 37 வரும். ஓரக்கண்ணியைத் தொடாமல், அதற்கு அடுத்த இரண்டையும் சேர்த்துப் பின்னிக் குறையுங்கள். ஓரத்திலேயே குறைத்தால் கழுத்துக்குக் கண்ணி எடுக்கும்போது ஓட்டை ஓட்டையாக நிற்கும்.

வலது தோளை மட்டும் தைத்துக்கொண்டு, 10ஆம் நம்பர் ஊசியில் கழுத்தைச் சுற்றி 118 கண்ணி எடுங்கள்: முன் சரிவுகளில் 20 வீதம், முன் நடுவில் 24, பின் நடுவில் 44, பின் சரிவுகளில் 5 வீதம். ரிப் 8 வரிசை. முடிக்கும்போது 8ஆம் நம்பர் ஊசியைக் கையில் எடுங்கள். தலை நுழையாத ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை கழுத்தை இறுக்கி முடித்ததால் கெட்டவை.

இடது தோளையும் கழுத்துப் பட்டையையும் தைத்தபின் கை. முன் குறியிலிருந்து பின் குறி வரை, 9ஆம் நம்பர் ஊசியில், நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்று எடுத்தால் 96 வரும். நான்கு வரிசைக்கு ஒருமுறை இரு ஓரமும் ஒவ்வொன்றாக ஐந்து முறை குறைத்து 86 ஆக்கி, 10ஆம் நம்பரில் ரிப் 8 வரிசை. கை 9 செ.மீ.தான் இருக்கும், குறைச்சலாகத் தோன்றும். உடம்பின் அகலமே தோளைத் தாண்டி இறங்குவதால் போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். கடைசியாகக் கையின் அடியையும் பக்கத்தையும் ஒரே கோடாகத் தைத்துவிடுங்கள்.

கேள்வி: அளவு பார்க்கப் பின்னிய மாதிரித் துண்டில், 10 செ.மீ.க்கு 24க்குப் பதில் 26 கண்ணி வருகிறது. இரண்டுதானே வித்தியாசம், அப்படியே தொடரலாமா? — வாசகி, குன்னூர்

பதில்: கூடாது. தையலுக்குள் போகும் இரண்டு நீங்கலாக மிஞ்சும் 120 கண்ணியை 26ஆல் கணக்கிட்டால் ஒரு பக்கம் 46 செ.மீ., சுற்றளவு 92. உங்கள் மார்பு 91 என்றால் மூச்சுவிட இடமில்லை. 24க்கு 100 செ.மீ. கிடைக்கும். கையை வலிந்து தளர்த்திப் பின்னப் பார்க்காதீர்கள், நாலு வரிசையில் பழைய இறுக்கமே திரும்பிவிடும். 8ஆம் நம்பர் ஊசிக்கு மாறுங்கள். 40 கண்ணி போட்டு, 12 செ.மீ. உயரம் பின்னி, ஸ்வெட்டரைத் துவைக்கப்போகும் விதத்திலேயே துவைத்துக் காயவைத்து, ஓரங்களை விட்டு நடுவில் அளக்க வேண்டும். துவைக்காத துண்டின் அளவை நம்பவே வேண்டாம்.

கேள்வி: வழவழப்பான பின்னலில் இரண்டு வரிசைக்கு ஒருமுறை பள்ளம் போல் கோடு விழுகிறது. நூல் தரக்குறைவா? — வாசகி, கோவை

பதில்: நூலைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் பர்ல் வரிசை நிட்டை விடத் தளர்வாக இருக்கிறது, பலருக்கும் உள்ளதுதான். கம்பளியில் ஓரளவு மறையும், பருத்தியில் அப்பட்டமாகத் தெரியும். பர்ல் வரிசைக்கு மட்டும் ஒரு நம்பர் மெல்லிய ஊசியைப் பயன்படுத்துங்கள். மாதிரித் துண்டையும் அந்த ஜோடியிலேயே மறுபடி பின்ன வேண்டியிருக்கும்.

கேள்வி: அக்ரிலிக்கில் பின்னலாமா? — வாசகர், திண்டுக்கல்

பதில்: பின்னலாம், மலிவு, கனமும் குறைவு. வெயிலில் வியர்வை ஒட்டும். சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள், துணி துவண்டுபோய் மீளாது.

கேள்வி: பருத்தியில் பின்னி முடித்தேன். நாலு துவைப்பில் நீளம் இறங்கி இடுப்பைத் தாண்டிவிட்டது. பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா? — வாசகி, நுவரெலியா

பதில்: பருத்தி கனம், கம்பளி போல இழுத்தால் சுருங்கித் திரும்பும் குணம் அதற்கில்லை. ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே நீளும். துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, தட்டையாக விரித்துத்தான் காயவைக்க வேண்டும். இனிப் பின்னுகிறவர்கள் குறி வைக்கும் இடத்தை 33க்குப் பதில் 31 செ.மீ.யில் வைத்துக்கொள்ளலாம்.

உங்களுடையதற்கு வழி இருக்கிறது. முதலில் பக்கத் தையலைக் கீழே ஒரு சாண் பிரியுங்கள். எவ்வளவு குறைக்க வேண்டுமோ அந்த உயரத்தில், ரிப்புக்கு மேலே உள்ள ஒரு வரிசையின் நடுவில் ஒரே ஒரு கண்ணியைக் கத்தரித்து, அந்த வரிசை நூலை இரு பக்கமும் மெல்ல உருவுங்கள். மேல் துண்டில் திறந்து நிற்கும் கண்ணிகளை மெல்லிய ஊசியில் கோத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். ஓரத்தில் ஒன்று குறைந்தால் முதல் வரிசையில் கூட்டி 122 ஆக்கி, 10ஆம் நம்பரில் கீழ்நோக்கி ரிப் 16 வரிசை பின்னித் தளர்வாக முடியுங்கள். பின்னும் திசை மாறுவதால் கண்ணிகள் அரைக்கண்ணி தள்ளி நிற்கும், ஆனால் அங்கேயே ரிப் தொடங்குவதால் அது வெளியில் தெரியாது. வெட்டியெடுத்த துண்டை வெட்டிய பக்கத்திலிருந்து பிரித்தால் நூல் வரும். போட்ட பக்கத்திலிருந்து பிரிக்கப் போனால் சிக்கிக்கொள்ளும். அந்த நூலைச் சிட்டமாக (பெரிய வளையமாக) சுற்றி, நனைத்துச் சுருக்கம் நீக்கிக் காயவைத்தபின் புது ரிப்புக்கே பயன்படுத்தலாம்.