எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும்: வாரண்டி இல்லாமல் பழைய கார் வாங்குவோருக்கான கேள்வி பதில்

பழைய கார்களின் அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்த மெக்கானிக் நான். டீலர் நீட்டும் கூடுதல் வாரண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கார் வாங்க நினைப்பவர்கள் கேட்கலாம். கடன், வட்டி, மறுவிற்பனை விலை பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: வாரண்டி இல்லாமல் டீலரிடம் வாங்கத் துணியலாமா? முதலில் எதைப் பார்ப்பது?

துணியலாம். ஆனால் வாரண்டிக்குத் தரவிருந்த பணத்தில் ஒரு பகுதியைச் சோதனைக்குச் செலவிடுங்கள். மிச்சத்தைப் பழுதுபார்ப்புக்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்பதை. டீலர் சொன்ன நேரத்துக்கு முன்பே போய், பானட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினுக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் தெரிந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் செயின். அது தேய்ந்திருந்தால் அதன் கடகடப்பு குளிர்ந்த எஞ்சினை முடுக்கும் முதல் சில நொடிகளில்தான் கேட்கும். வால்வு சீல் தேய்ந்திருந்தால் இரவெல்லாம் ஆயில் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகையாக வெளியே வரும். பத்து நிமிடம் ஓடிய பிறகு பார்த்தால் இரண்டும் இருக்காது. நோயாளிக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு வைத்தியரை அழைப்பதைப் போன்றதுதான் இது.

புகையின் நிறத்தையும் கவனியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கருப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. குளிர் நாளில் மெல்லிய வெள்ளை ஆவி வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. எஞ்சின் சூடேறிய பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சிலிண்டருக்குள் போகிறது என்று சந்தேகப்படுங்கள். கூலண்ட் மூடியைக் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். கூலண்டில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அந்தக் காரை மறந்துவிடுங்கள். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல ஏதாவது ஒட்டியிருந்தால் மட்டும் உடனே பயப்பட வேண்டாம். குளிர்காலத்தில் சிறு தூரமே ஓடும் காரிலும் அது சேரும்.

கேள்வி: 150 இடங்களில் சோதித்ததாக டீலர் ஒரு பட்டியல் தருகிறார். அது போதாதா?

விற்பவரே கேள்வித்தாள் தயாரித்து, விற்பவரே விடை எழுதி, விற்பவரே மதிப்பெண் போட்ட தாள் அது. உங்கள் மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். துரு, வெல்டிங் தழும்பு, ஆயில் கசிவு எல்லாம் அடியில்தான் தெரியும். காரை வெளியே விட முடியாது என்று டீலர் மறுத்தால், உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

கேள்வி: ஓடோமீட்டரை நம்பலாமா?

அதை மட்டும் நம்பக் கூடாது. டிஜிட்டல் மீட்டரையும் மாற்றுகிறார்கள். பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் மேல்பகுதி, ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம் ஆகியவற்றின் தேய்மானம் மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. மிகக் குறைவாக ஓடியதாகச் சொல்லும் காரில், கார் தயாரான ஆண்டுக்கு மூன்றாண்டு பிந்திய டயர் நான்கும் இருந்தால், முதல் டயர்கள் எங்கே போயின என்று கேளுங்கள். தேதியும் கிலோமீட்டரும் உள்ள சர்வீஸ் பில்கள்தான் நல்ல சாட்சி.

கேள்வி: காரின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன். பிழைக் குறியீடு ஒன்றுகூட இல்லை. நல்ல கார்தானே?

அப்படியும் இருக்கலாம், நேற்றிரவு அழித்தும் இருக்கலாம். குறியீட்டை அழித்தால் காரின் சுயசோதனைகளும் அழிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஸ்கேனரில் அந்தச் சோதனைகளின் நிலையைக் காட்டும் பக்கம் இருக்கிறது. பல சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அங்கே காட்டினால், யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில நாள் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள்.

கேள்வி: எந்த நிறக் கார் எளிதாக விற்கும்?

தெரியாது.

கேள்வி: மின்சாரக் கார் வாங்கலாமா?

என் துறை அல்ல. பேட்டரிக்குத் தயாரிப்பாளரின் தனி வாரண்டி மிச்சம் இருக்கிறதா, அது புதிய உரிமையாளருக்கு மாறுமா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: டைமிங் பெல்ட்டை மாற்றிவிட்டதாக டீலர் சொல்கிறார். பில் இல்லை.

பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். டைமிங் செயினுக்குப் பதிலாகச் சில எஞ்சின்களில் இருப்பதுதான் இந்தப் பெல்ட். அவற்றில் பலவற்றில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சினே போய்விடும். மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஒரு ஷோரூமில் வாரண்டி விற்றவன். நீங்கள் மக்களைத் தவறாக வழிநடத்துகிறீர்கள். ஒரு கியர்பாக்ஸ் போனால் போதும், வாரண்டியின் விலை போலப் பல மடங்கு போய்விடும்.

போகும், மறுக்கவில்லை. விற்றவர் நீங்கள், ஆகவே உங்களையே கேட்கிறேன். கிளட்ச் தட்டு, பிரேக், பெல்ட், ரப்பர் புஷ் போன்ற தேயும் பாகங்களை எத்தனை திட்டங்கள் ஏற்றன? சொன்ன தேதியில் சர்வீஸ் செய்த பில் ஒன்று இல்லாததற்காக எத்தனை கோரிக்கைகள் திரும்பின? 'வாங்கும் முன்பே இருந்த பழுது' என்ற வரியை வாடிக்கையாளரிடம் எப்போதாவது வாசித்துக் காட்டினீர்களா?

அதே நண்பர்: வாசித்தவர்களும் உண்டு. நீங்கள் சொல்வது போல் பணத்தைத் தனியாக எடுத்து வைப்பவர் எத்தனை பேர்? முதல் பண்டிகையிலேயே அது கரைந்துவிடும். பிறகு கியர்பாக்ஸ் போகும்போது காரை ஓரங்கட்டிவிட்டு அழுவார்கள்.

இந்த அடி சரியாக விழுந்தது. என் பட்டறைக்கு அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் சேமிப்பே நிற்காதவரும், திடீர்ச் செலவு வந்தால் வேலைக்கே போக முடியாதவரும் வாரண்டி வாங்கினால் நான் சிரிக்க மாட்டேன்.

இன்னொருவர் குறுக்கிட்டு: என் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போனபோது வாரண்டிதான் காப்பாற்றியது. மெக்கானிக் சொன்னதைக் கேட்டிருந்தால் தெருவில் நின்றிருப்பேன்.

மகிழ்ச்சி. ஆனால் பணம் கட்டியும் ஒன்றும் உடையாதவர் இங்கே வந்து எழுத மாட்டார். எல்லோரிடமும் வாங்குவதைவிடக் கொடுப்பது குறைவாக இருந்தால்தான் அந்த வியாபாரம் நடக்கும். ஆனாலும் முதலில் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். டர்போ, ஏர் சஸ்பென்ஷன், சிக்கலான ஆட்டோமேட்டிக் என்று ஒரு பாகம் போனாலே பெருஞ்செலவு வைக்கும் காராக இருந்தால், வாரண்டித் தாளைக் கையெழுத்துக்கு முன் வீட்டுக்குக் கொண்டுபோய் வரி வரியாகப் படியுங்கள். ஒரு கோரிக்கைக்கு உச்சவரம்பு எவ்வளவு, பழுதுபார்க்கும் முன் அனுமதி வாங்க வேண்டுமா, எந்தப் பட்டறைக்கும் போகலாமா என்பதைப் பார்த்துவிட்டுத் தேறினால் வாங்குங்கள். 'இன்று மட்டும்தான் இந்த விலை' என்று சொன்னால் வாங்காதீர்கள்.

நண்பர் இதற்கும் பதில் எழுதியிருக்கிறார், நீளமாக. காத்திருக்கும் மற்றவர்களுக்காக இங்கே நிறுத்துகிறேன்.

கேள்வி: வாங்கி மூன்றே நாள். ஆயில் விளக்கு எரிகிறது. கூடுதல் வாரண்டி இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாதா?

முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓட்டினால் சில நிமிடங்களிலேயே உள்ளே உரசிப் பாழாகிவிடும். பிறகு ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், படம் எடுங்கள், டீலருக்குத் தேதியோடு எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியில் கத்துவதற்குச் சாட்சி இல்லை. கூடுதல் வாரண்டியை மறுத்ததாலேயே சட்டம் தரும் உரிமையும் போய்விடும் என்று எண்ண வேண்டாம். அது வேறு, இது வேறு. ஆனால் 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்திட்டிருந்தால் அதன் பலம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்தவரைப் பாருங்கள், நான் ஸ்பானர் பிடிப்பவன்.

கேள்வி: மாலையில் டீலர் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்து காட்டுவாராம். எதைக் கவனிப்பது?

முதல் பதில்.

கேள்வி: டெஸ்ட் டிரைவில் எல்லாம் அருமையாக இருந்தது. எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பிரச்சினையா?

முதல் பதிலைப் படிக்காமலே எல்லோரும் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. குளிர்ந்த எஞ்சின். குளிர்ந்த எஞ்சின். குளிர்ந்த எஞ்சின்.

கேள்வி: நாளைக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். நான் காத்திருக்க வேண்டாம் என்று காரை ஸ்டார்ட் செய்து தயாராக வைப்பதாகவும் சொன்னார். நல்ல மனிதராகத் தெரிகிறதே?

எட்டு மணிக்குப் போங்கள்.