கைக்குழந்தையோடு தெருவில் இருக்கும் சின்ன வயசுத் தாய்களுக்கு நம்மைப் போன்றவர்கள் நேரடியாக என்ன செய்ய முடியும்?

கூடப் போங்கள். பணம், பால்பவுடர், பழைய துணி எல்லாம் அப்புறம்.

ஈரோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஜெராக்ஸ் கடை. போன வருடம் ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், மூன்று மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் எட்டாக மடித்த டிஸ்சார்ஜ் சீட்டு. மடிப்பெல்லாம் நைந்து, ஓரத்தில் பால் கறை. கண்ணாடி மேல் விரித்தால் நாலு துண்டாகிவிடும் போலிருந்தது. "ரெண்டு காப்பி போடுங்கக்கா." வயசைக் கேட்டேன். "பத்தொம்போதுங்க." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. சீட்டிலும் 19தான். முகத்தைப் பார்த்தால் பதினாறுக்கு மேல் சொல்ல முடியாது.

அந்தப் பொய்யில்தான் பாதி விஷயம் இருக்கிறது. 18 வயதுக்குள் கர்ப்பம் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி மருத்துவமனை போலீசுக்குச் சொல்லியே தீர வேண்டும். பிள்ளைகளைக் காப்பாற்றப் போட்ட சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இவளுக்கு அது 'ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும்' என்றுதான் காதில் விழுகிறது. அதனால் வலி வரும்வரை எட்டிப் பார்ப்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரை இல்லை, ரத்த அழுத்தம் பார்ப்பதில்லை. ரத்தசோகையும் பிரசவ நேர வலிப்பும் எடை குறைந்த பிள்ளையும் இந்த வயசில்தான் அதிகம். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி இருக்கிறது, அதற்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த வயசு ஆகாதவளுக்கு அதுவும் இல்லை.

அந்தியூர்ப் பக்கத்துப் பெண். அவினாசி அருகே ஒரு மில் ஹாஸ்டலில் இருந்திருக்கிறாள். பையன் போனை அணைத்துவிட்டான், வீட்டில் வாசப்படி ஏறாதே என்றுவிட்டார்கள். இதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். 'கொழந்தைக்கு அப்பன் யாரு' என்று ஊரே கேட்டு முடித்திருக்கும்.

ராத்திரியில் அவள் தூங்குவதே இல்லை. மூடிய கடை வாசலில் நிற்கும் தள்ளுவண்டியில் துப்பட்டாவைத் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பகலில்தான் கண் அசருவாள். அப்போதும் பிள்ளையின் காலையும் தன் மணிக்கட்டையும் ஒரு பாவாடை நாடாவால் இணைத்துக் கட்டியிருப்பாள்.

புட்டியில் பால்பவுடரைத் தண்ணியாகக் கரைத்துக் கொடுத்ததை என் மாமியார்தான் முதலில் கவனித்தார். "பச்ச ஒடம்புக்காரி வெறும் டீயக் குடிச்சா எப்படிக் கண்ணு பால் ஊறும்?" மறுநாளிலிருந்து பூண்டு தட்டிப் போட்ட அரிசியும்பருப்புஞ் சோறு தூக்குப்போசியில் வந்தது. பால் இருந்ததாம், கொடுக்கத்தான் மறைவில்லை. பேருந்து நிலையங்களில் 2015லிருந்து பாலூட்டும் அறை வைத்திருக்கிறார்களே என்றேன். "என்னயப் பாத்தாலே தொரத்திருவாங்கக்கா." மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தினமும் இரண்டு வேளை அதுவே வழக்கமாயிற்று. கூடப் போங்கள் என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 18க்குள் இருக்கும் பெண் என்று தெரிந்தால் நாமும் தகவல் சொல்லியாக வேண்டும், போக்சோ நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு நான் போன் போட்டேன். ஆனால் அவளிடம் சொல்லிவிட்டு. முதுகுக்குப் பின்னால் போட்டிருந்தால் அன்றைக்கே அவள் திருப்பூர் பஸ் ஏறியிருப்பாள். பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதுதான் அவளுடைய ஒரே பயம். பிள்ளையை இல்லத்தில் விடுவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015 சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. பிள்ளையை ஒப்படைக்கிறேன் என்று தாயே எழுதிக்கொடுத்தாலும் மனசு மாற 2 மாத அவகாசம் உண்டு. இதைச் சாப்பாட்டுக்கு நடுவே மூன்று நாள் சொல்ல வேண்டியிருந்தது. இதையெல்லாம் விசாரித்து முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போனபோது மாமியாரும் கூடப் போனார். அங்கேதான் உண்மை வயசைச் சொன்னாள். 16. இரண்டு பேரையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் தங்க வைத்தார்கள். எல்லாருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன்.

பிறப்புச் சான்றிதழை மறக்காதீர்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. பெயர் இல்லாமலும் பதியலாம், ஒரு வருடத்துக்குள் பெயரை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்காகத்தான் பங்குனியில் இல்லத்துக்காரர்களோடு கடைக்கு வந்தாள். பாரத்தை நிரப்பிக்கொண்டே பெயர் என்ன என்று கேட்டேன். "இருங்கக்கா, அம்மாயியக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று என் மாமியாரைத் தேடி உள்ளே போய்விட்டாள்.