பூனைப் பெட்டி நாற்றம்: மழை பாதி, கடுவன் பாதி

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். ஐந்து வயதுப் பெட்டைப் பூனை ஒன்று, பத்து மாதக் கடுவன் ஒன்று. இரண்டுக்கும் ஒரே மண்பெட்டிதான். குளியலறை மூலையில் வைத்திருக்கிறோம். தினமும் இரவில் அள்ளிப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிருமிநாசினி விட்டுக் கழுவுகிறேன். இருந்தும் மழை தொடங்கியதிலிருந்து வாசற்கதவைத் திறந்ததும் நெடி மூக்கில் அடிக்கிறது. மாமியார் பூனைகளை எங்காவது கொண்டுபோய் விடச் சொல்கிறார். வாசனை போட்ட மண் வாங்கினால் சரிவருமா?

பதில்: மாமியாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அள்ளுகிறீர்கள், கழுவுகிறீர்கள். எனவே சோம்பலால் வந்த நாற்றம் இல்லை இது.

மழையைப் பழி சொல்வதில் பாதி நியாயம் உண்டு. பூனையின் சிறுநீர் வெளியே வந்த உடனே அவ்வளவாக மணப்பதில்லை. அதிலுள்ள யூரியாவை பக்டீரியாக்கள் உடைத்து அமோனியா ஆக்கும்போதுதான் கண் எரியும் அந்த நெடி கிளம்புகிறது. பக்டீரியாவுக்கு வேண்டியது சூடும் ஈரமும். கொழும்பில் இரண்டும் வருடம் முழுக்க இலவசம். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் மண்ணில் விழுந்த சிறுநீர் காய்வதில்லை. அதுவும் நீங்கள் பெட்டியை வைத்திருப்பது வீட்டிலேயே ஈரம் கூடிய இடத்தில். ஒவ்வொருவராகக் குளித்துவிட்டுக் கதவைச் சாத்தினால் உள்ளே என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வேலையாகப் பெட்டியை அங்கிருந்து எடுங்கள். யன்னல் ஓரம், தூவானம் படாத பல்கனி மூலை, எதுவானாலும் காற்று போய்வர வேண்டும். பல்கனி என்றால் வலை அடித்திருக்க வேண்டும், மூன்றாம் மாடி அல்லவா. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், பூனை பெட்டியையே ஒதுக்கிவிடும்.

மற்றப் பாதி உங்கள் கடுவன். கருத்தடை செய்ததாக நீங்கள் எழுதவில்லை. பத்து மாதத்தில் கடுவன் ஆளாகிவிடும். அதன் சிறுநீரில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் கூடும். அது சிதையும்போது கந்தகம் சேர்ந்த பொருட்கள் உண்டாகும். கடுவன் மூத்திரத்துக்கே உரிய அந்தத் தனி நெடி அதிலிருந்துதான் வருகிறது. மழை தொடங்கியதும் கடுவன் வளர்ந்ததும் ஒரே காலத்தில் நடந்ததால் மழை மேல் பழி விழுந்திருக்கிறது என்பது என் ஊகம். கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்தால் சில வாரங்களில் நெடி நன்றாகக் குறையும். என்ன மண் போட்டாலும் இதற்கு ஈடாகாது.

கடுவன் வாலைத் தூக்கிச் சுவரில் பீச்சும் பழக்கமும் தொடங்கியிருக்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு புறஊதாக்கதிர் (UV) டோர்ச் ஒன்றால் கதவு நிலையின் கீழ்ப்பக்கம், சோபாவின் பின்பக்கம், டைல் இடுக்குகள் எல்லாம் பாருங்கள். காய்ந்த சிறுநீர் மங்கலான மஞ்சள் பச்சையில் தெரியும். அந்த இடங்களை என்சைம் கலந்த துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள், செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். கைவசம் இல்லை என்றால் தண்ணீர் கலந்த வினாகிரி. அமோனியா காரம், வினாகிரி அமிலம், ஒன்றை ஒன்று அடக்கும். ஆனால் கந்தக நெடியை வினாகிரி முழுதாகப் போக்காது.

இனிப் பெட்டி. இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி என்பது மிருக வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. தொடர்மாடி வீட்டில் மூன்றுக்கு இடம் தேடுவது கஷ்டம்தான், குறைந்தது இரண்டாவது வையுங்கள். கட்டிபிடிக்கும் பெண்டனைட் மண் என்றால் 5 முதல் 7 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போட வேண்டும். சிக்கனம் பார்த்து மெல்லியதாகப் போட்டால் சிறுநீர் அடிவரை இறங்கி, சாந்து மாதிரி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டும்போதும் பூனை நகத்தால் கிளறும்போதும் அடியில் கீறல் விழும். அந்தக் கீறலுக்குள் போன சிறுநீரை எந்தப் பிரஷும் எட்டாது. பழைய பெட்டியைக் கழுவிக் காயவைத்து முகர்ந்து பாருங்கள். அப்போதும் மணந்தால் தூக்கிப் போடுங்கள். வெறும் ஆற்றுமணல் சிறுநீரை உறிஞ்சாது, அடியில் தேங்க விடும். தும்புத்தூள் நன்றாக உறிஞ்சும், ஆனால் கட்டியாகாது. ஈரத்தோடு அப்படியே கிடக்கும் என்பதால் அடிக்கடி முழுவதையும் மாற்ற வேண்டும்.

அள்ளுவதைக் காலை, மாலை என்று இரண்டு வேளையாக்குங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். பூனை மலத்தில் கருவைப் பாதிக்கக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும். அதனால் உடனுக்குடன் அள்ளுவது எல்லோருக்கும் நல்லது. அள்ளியதைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கழிவறைக்குள் கொட்டினால் மண் ஊதிக் குழாயை அடைக்கும், அப்புறம் கீழ்மாடிக்காரர் உங்கள் வாசலில் நிற்பார்.

கழுவும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். கழுவிய பெட்டி வெயிலில் முழுதாகக் காய்ந்த பிறகே புது மண் போடுங்கள். ஒன்று காயும்போது மற்றது பாவனையில் இருக்கும், இரண்டாவது பெட்டிக்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீரில் விட்டதும் பால் போல வெளுக்கும் கிருமிநாசினிகளை நிறுத்திவிடுங்கள். அவற்றில் உள்ள ஃபீனோல் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் சரியாக வெளியேற்ற முடியாது, பாதத்தை நக்கும்போது உள்ளே போய்விடும். பிளீச் இன்னும் ஆபத்து. சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உங்கள் நெஞ்சைத்தான் முதலில் பிடிக்கும்.

அப்பச்சோடாவை மண்ணுக்கு அடியில் மெல்லியதாகத் தூவலாம். பெரிய அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம், அமோனியா மேல் அதற்கு வேலை குறைவு. சிரட்டைக்கரியிலிருந்து செய்யும் செயற்படுத்திய காபன் பரவாயில்லை, நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் சரக்குத்தான். துணிப் பையில் கட்டிப் பெட்டிக்கு அருகே தொங்கவிடலாம். அடுப்புக்கரியைப் பொடித்து மண்ணில் கலக்கிறவர்களும் உண்டு. பூனை அந்தக் காலோடு வெள்ளை டைலில் நடந்தால் மாமியாருக்குப் புதுப் புகார் கிடைக்கும்.

வாசனை மண்ணைக் கேட்டிருந்தீர்கள். வாங்காதீர்கள். நமக்கு மெல்லிய லவெண்டர் வாசனை, பூனையின் மூக்குக்குத் தாங்க முடியாதது. அது பெட்டியை விட்டுக் கட்டில் மெத்தைக்குப் போனால் திரும்பக் கொண்டுவருவது பெரிய பாடு. அந்தக் காசைக் கடுவனின் கருத்தடைக்கு எடுத்து வையுங்கள்.