லிஃப்ட் செய்த மஹிந்திரா தாரில் டயர் உரசுகிறதா? ஸ்பேசருக்கு முன் சுண்ணாம்பு வாங்குங்கள்

கேள்வி: ஐயா, வில்லியனூரில் இருக்கிறேன். 2021 மாடல் தார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பழைய ஓனரே வண்டியின் உயரத்தைக் கூட்டும் 2 இஞ்ச் லிஃப்ட் கிட் போட்டு, 245/75 ஆர்16 இருந்த இடத்தில் 265/75 ஆர்16 டயர் மாட்டியிருக்கிறார். யூ டர்ன் அடிக்கும்போதும், மேட்டில் ஒடித்து ஏறும்போதும் முன் டயர் கர்ரென்று உரசுகிறது. கடையில் சக்கரத்தை வெளியே தள்ளி வைக்க, அதற்கும் ஹப்புக்கும் நடுவே 30 மி.மீ. ஸ்பேசர் போடச் சொல்கிறார்கள், இல்லையென்றால் இன்னும் 1 இஞ்ச் தூக்கச் சொல்கிறார்கள். எதைச் செய்தாலும் 20 ஆயிரத்தைத் தாண்டும் போலிருக்கிறது. குறைந்த செலவில், பாதுகாப்பாகச் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. அந்த இரண்டையும் செய்யாதீர்கள்.

வண்டியைத் தூக்கினால் டயருக்கு மேலேதான் இடம் கிடைக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் மேலே போவதில்லை. அதன் ஒரு ஓரம் முன்னால் பம்பரை நோக்கியும், இன்னொரு ஓரம் பின்னால் கதவுப் பக்கத்தை நோக்கியும் போகிறது. அங்கே உரசுவதற்கு உயரம் மருந்தில்லை. உங்கள் புது டயர் பழையதைவிட 30 மி.மீ. உயரம், 20 மி.மீ. அகலம் கூடுதல். அதாவது முன்னும் பின்னும் 15 மி.மீ., உள்ளும் வெளியும் 10 மி.மீ. இடத்தைப் புதிதாகப் பிடித்திருக்கிறது. பல வண்டிகளில் சிக்கல் இந்த ஒரு விரல்கடை அளவுதான்.

எங்கே உரசுகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முன் டயர் இரண்டிலும் ஓரப் பட்டைகளில், உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டிலும் தடவுங்கள். காய்ந்ததும் காலி மைதானத்தில் மெதுவாக இடமும் வலமும் முழுக்க ஒடித்து வட்டம் அடியுங்கள். அப்புறம் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் சின்ன மேட்டில் ஏற்றி, அதே போல ஒடித்துப் பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, டார்ச்சோடு குனியுங்கள். வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அதுதான் இடம். நாள்பட்ட உரசலாக இருந்தால் சுண்ணாம்பே தேவைப்படாது. சக்கரக் குழியின் உள்பக்கத்தை மூடியிருக்கும் கருப்பு பிளாஸ்டிக் லைனரில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் கண்ணாடி மாதிரி பளபளக்கும்.

வெள்ளை லைனரிலோ மட் ஃப்ளாப்பிலோ இருந்தால் நிம்மதியாக இருங்கள். ஃப்ளாப்பைக் கழற்றுங்கள், அல்லது ஓரத்தை வெட்டுங்கள். லைனரை ஹீட் கன்னில் இளக்கி, பின்னால் தள்ளி, கேபிள் டை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். பம்பரின் கீழ் ஓர பிளாஸ்டிக் என்றால் அதையும் வெட்டலாம். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை இது.

அதற்கும் முன்னால் வீல் அலைன்மென்ட். லிஃப்ட் போட்டவர்கள் பலர் இதைச் செய்வதே இல்லை, செய்தாலும் டோ (மேலிருந்து பார்த்தால் டயர்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் வண்டியில் முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். தூக்கும்போது கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் டயர் சாய்ந்திருக்கும் அளவு) காஸ்டரும் (பக்கவாட்டில் பார்த்தால் டயர் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) மாறும். காஸ்டர் குறைந்தால் டயர் பின்னால் தள்ளி உட்காரும், லைனரின் பின்பக்கத்தில் போய் உரசும். காஸ்டர் அளவும் இருக்கிற ரிப்போர்ட்டைக் கையில் கேட்டு வாங்குங்கள். சரிசெய்ய இடமிருந்தால் காஸ்டரைக் கொஞ்சம் கூட்டினாலே டயர் முன்னால் நகர்ந்துவிடும்.

வெள்ளை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நான் சொன்னதையெல்லாம் நிறுத்திவையுங்கள். டயர் இரண்டும் ஒரே சைஸ். உரசினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி உரச வேண்டும். வலது மட்டும் உரசினால் அந்தப் பக்கத்தில் ஏதோ நகர்ந்திருக்கிறது: சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம், சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் வளைந்திருக்கலாம், பழைய அடி ஏதாவது இருக்கலாம். ஹப்பின் நடுவிலிருந்து கதவு ஓரம் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். பட்டை ஸ்பிரிங் உள்ள பழைய ஜீப், ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பட்டைகளைப் பிடித்திருக்கும் சென்டர் போல்ட் முறிந்தால் ஆக்ஸில் அப்படியே பின்னால் நகர்ந்துவிடும். ஒரு ஜிப்ஸியில் நானே பார்த்தேன். தேவனாம்பட்டினம் பக்கம் கடற்காற்றில் வருடக்கணக்கில் நின்ற வண்டி. டயர் பெரிசு என்று சொல்லி சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடான ஃபெண்டரை வெட்டிவிட்டார்கள். அளந்தால் ஒரு பக்கம் 22 மி.மீ. வித்தியாசம். உள்ளே போல்ட் துருப்பிடித்து இரண்டாகக் கிடந்தது. ஃபெண்டரை வெட்டிய காசில் அந்த போல்ட்டைப் பத்து முறை மாற்றியிருக்கலாம். அதோடு ஹைவேயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

வெள்ளை பிரேக் ஹோஸில் பட்டிருந்தால் அதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

இப்போது ஸ்பேசர். சக்கரத்தை 30 மி.மீ. வெளியே தள்ளினால் ஒடிக்கும்போது அது இன்னும் பெரிய வட்டமாக வீசும். இதுவரை லைனரில் மட்டும் உரசிய டயர் பம்பரிலும் ஃபெண்டர் தகட்டிலும் உரச ஆரம்பிக்கும். உடனே அதே கடைக்காரர் "இன்னும் ஒரு இஞ்ச் தூக்கலாம்" என்பார். தூக்கியதும் முன் டிரைவ் ஷாஃப்ட் அளவுக்கு மீறிச் சாய்ந்து, அதன் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும். அதையும் அவரே மாற்றித் தருவார். இப்படி ஒன்றிலிருந்து ஒன்று என்று போன வண்டிகள் என் பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வார்ப்பு அலுமினியத்தில் செய்த மலிவு ஸ்பேசர் விரிசல் விட்டால் சக்கரமே கழன்றுவிடும். வீல் பேரிங்குக்கும் தேவையில்லாத சுமை. "நான் போட்ட வண்டி எதிலும் ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவரிடம் பில் கேளுங்கள். பில்லில் ஸ்பேசர் என்று எழுதித் தரமாட்டார், 'ஆக்சஸரீஸ்' என்றுதான் போடுவார்.

ஏன் என்றால் சட்டம் அவருக்குத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறைகூட விதிக்கலாம். ஆனால் லிஃப்ட் கிட் மெயின் ரோட்டில் போர்டு மாட்டியே விற்கப்படுகிறது. கடையில் போய் யாரும் கேட்பதில்லை. புதுச்சேரி எல்லையில் முள்ளோடையைத் தாண்டி கடலூர் பக்கம் வரும்போது கை காட்டி நிறுத்தப்படுவது நீங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பதும் உங்கள் வண்டியின் அடியைத்தான். விற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும்போது மட்டும் விழிக்கிற இந்த நடைமுறை எனக்குப் புரியவே இல்லை.

அதனால் என் யோசனை இது. இப்போதைக்குச் சுண்ணாம்பு, அலைன்மென்ட், பிளாஸ்டிக் வேலை இவற்றோடு நிறுத்துங்கள். தகட்டை வெட்டாதீர்கள். வெட்டிய ஓரத்தில் ப்ரைமர் அடித்தாலும் புதுச்சேரி உப்புக்காற்று விட்டுவைக்காது. டயர் தேய்ந்ததும் 245/75 ஆர்16க்கே திரும்பி, கிட்டையும் கழற்றிவிடுங்கள். பண்ருட்டி முந்திரிக்காட்டுச் செம்மண்ணில் ஓட்ட அது தாராளமாகப் போதும். அதுவரை ஸ்பீடோமீட்டர் 80 காட்டினால் நிஜத்தில் 83இல் போகிறீர்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியையும் இன்றே பாருங்கள். பழைய ஓனர் நான்கு டயரை மட்டும் மாற்றி, அதை 245இலேயே விட்டிருந்தால், பஞ்சரான நாளில் அதை மாட்டிக்கொண்டு ஃபோர் வீலில் ஓட்டிவிடாதீர்கள். சக்கரங்களின் சுற்றளவு வேறுபட்டால், இன்ஜின் சக்தியை முன் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடி வாங்கும்.