மாதத்துக்கு இரண்டரை நாள்

மதிப்புக்குரிய ஐயா,

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவள். பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு, ஐக்கிய நாடுகள் தொண்டராக ஆபிரிக்க நாடான மலாவியில் வேலை செய்கிறேன். சாலிமா மாவட்டத்தின் உட்கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் போசாக்கைக் கவனிப்பது என் பொறுப்பு. மாதத்துக்கு இரண்டரை நாள் விடுமுறை சேர்கிறது. இதுவரை ஒரு நாளைக்கூட நான் எடுக்கவில்லை. என்னோடு வந்த பிறநாட்டுத் தொண்டர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானமே ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் அனுப்பும் படங்களைப் பார்க்க எரிச்சல் வருகிறது. நான் போய்விட்டால் அந்தக் கிழமை நிறுக்கப்படாமல் போகும் பிள்ளைக்கு யார் பொறுப்பு? அம்மாவோ தைப்பொங்கலுக்கு வந்தே தீரவேண்டும் என்கிறார். போனாலும் மனம் உறுத்தும், போகாவிட்டாலும் உறுத்தும். நீங்களும் முன்பு அந்நாட்டில் தொண்டராக இருந்ததாக எழுதியிருந்தீர்கள். என்ன செய்யலாம்?

தி.

அன்புள்ள தி.,

விடுமுறையை எடுங்கள், ஆனால் தை மாதத்தில் வேண்டாம். எப்போது எடுப்பது என்பதை உங்கள் அம்மாவிடமோ என்னிடமோ கேட்பதைவிட, உங்களோடு வேலை செய்யும் சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளரிடம் கேட்பதே முறை. உங்கள் கடிதத்தில் பிள்ளைகள் வருகிறார்கள், அம்மா வருகிறார், ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் வருகிறார்கள். அந்த உதவியாளரைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் கண்ணில் முதலில் பட்டது.

மலாவியில் ஆயிரம் பேருக்கு ஓர் உதவியாளர் என்பது அரசின் கணக்கு. நடைமுறையில் அதைவிட அதிகமானோரைப் பார்க்கிறவர்களே பலர். தடுப்பூசி போடுவது, பிள்ளைகளை நிறுப்பது, கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்வையிடுவது, வைத்தியசாலை தொலைவாக உள்ள கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மலேரியா, நிமோனியா, வயிற்றோட்டம் ஆகியவற்றுக்கு மருந்து கொடுப்பது என, நம் ஊரில் குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பிரித்துச் செய்கிற வேலையையும் அதற்கு மேற்பட்டதையும் ஒரே ஆள் சுமக்கிறார். நம் நாட்டில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து படிப்படியாக உருவான ஓர் ஏற்பாட்டின் நிழலில் வளர்ந்தவர்கள் நாம். ஒரு பிரிவின் உத்தியோகத்தர் லீவில் போனால் பக்கத்துப் பிரிவில் உள்ளவர் பதில் கடமை பார்ப்பார் என்பது நமக்குச் சொல்லாமலே தெரிந்த விஷயம். நீங்கள் இருக்கும் கிராமத்தில் பக்கத்துப் பிரிவு என்பது மழைக்காலத்தில் கடக்க முடியாத ஓர் ஆற்றுக்கு அப்பால் இருக்கலாம். ஆகவே அங்கே விடுமுறை இல்லாமல் போகிறவர் அவர்தான். நீங்கள் எடுக்காமல் சேர்த்து வைத்திருக்கும் நாட்களால் அவருக்கு ஒரு நாளாவது ஓய்வு கிடைத்ததா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், உங்கள் தியாகத்தால் யாருக்கும் பயன் இல்லை என்று சொல்வதற்காக என்னை மன்னியுங்கள்.

நிறுக்கப்படாமல் போகும் பிள்ளையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வருவதற்கு முன்பும் அந்த மாமரக் கிளையில் தராசு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் வேலை செய்த கிராமத்தில் அந்தப் பொறுப்பில் ஒரு பெண்மணி இருந்தார். துணியால் தைத்த காற்சட்டைக்குள் கால்களை நுழைத்துத் தொங்கவிட்ட பிள்ளை வீரிட்டு அழ, தராசின் முள் அங்குமிங்கும் ஆடும். நானாக இருந்தால் முள் நிற்கும்வரை காத்திருப்பேன். அவர் பிள்ளையின் முதுகில் ஒரு விரலை வைத்து, அழுகைக்கு நடுவே அது மூச்சிழுக்கும் கணத்தில் எடையை வாசித்துவிட்டு, தாய் நீட்டும் சுகாதாரக் குறிப்பேட்டில் எழுதிவிடுவார். புயத்தைச் சுற்றும் நிறநாடாவையும் அப்படித்தான்: இறுகவும் கூடாது, தளரவும் கூடாது, பதினொன்றரை சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடும் போசாக்கின்மை. சிவப்பைக் கண்டதும் அவர் தாயைக் கடிந்துகொள்ள மாட்டார். வீட்டில் மாவு எத்தனை நாளைக்கு இருக்கிறது என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வியை நான் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு, அவர் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு. வெளிநாட்டார் கேட்டால் உதவிப் பொருள் வரப்போகிறது என்று எண்ணி அதற்கேற்பப் பதில் சொல்வது மனித இயல்பு. நீங்கள் இரண்டு கிழமை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை நிறுக்கப்படும். உங்கள் உதவியாளர் இரண்டு கிழமை இல்லாவிட்டால், நீங்கள் அங்கே இருந்தால்தான் நிறுக்கப்படும். ஆகவே முதலில் அவர் போகட்டும், பிறகு நீங்கள் போங்கள். இருவருடைய நாட்களையும் ஒரே தாளில் எழுதி, மேற்பார்வையாளரிடமும் ஊர்த் தலைவரிடமும் காட்டி வையுங்கள்.

இனித் தைப்பொங்கல். மலாவியில் மழை கார்த்திகை அளவில் பிடித்துச் சித்திரை வரை பெய்யும். ஒரு பருவச் சோளத்தை நம்பியே வாழும் குடும்பங்களில் சென்ற அறுவடையில் சேமித்தது தை, மாசியில் அடிதட்டிவிடும். புதிய கதிரோ பங்குனி கழியாமல் கைக்கு வராது. மலேரியா ஏறுவதும் அந்த மாதங்களில்தான், கொலரா வந்தால் அது பரவுவதும் அப்போதுதான். நாம் புதுப்பானை வைத்துப் பொங்கும் நாள் அவர்களுடைய பஞ்ச மாதத்தின் நடுவில் விழுகிறது. நாடாவில் மஞ்சளாக இருந்த கைகள் சிவப்பாகும் காலத்தில் உங்கள் உதவியாளரைத் தனியே விட்டுவருவது நியாயம் அல்ல. அறுவடை முடிந்து, ஆனியிலிருந்து ஆவணி வரை அங்கே குளிரும் வறட்சியுமான காலம். பாதைகள் திறந்திருக்கும், வீடுகளில் மாவு இருக்கும், நோயும் தணிந்திருக்கும். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் ரதம் புறப்படும் ஆடி மாதம் அதற்குள் அடங்கிவிடுகிறது. வசதியிருந்தால் அம்மாவோடு நல்லூர்க் கொடியேற்றத்துக்கும் போய்வரலாம். பொங்கலை விட்டுக்கொடுத்து ஆடிவேல் விழாவை வாங்கிக்கொள்வது ஓர் அம்மாவுக்கு நட்டமான பேரம் என்று நான் நினைக்கவில்லை.

ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் மீதான எரிச்சலில் பாதி நியாயமானது. தொண்டர் வேலையில் விடுமுறை என்பது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை அல்ல. 1961இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படை தன் தொண்டர்களுக்கு மாதத்துக்கு இரண்டு நாள் கணக்கிட்டுக் கொடுக்கிறது. அதே வேளை, பணியின் முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் அதை எடுக்க விடுவதில்லை. முதலில் ஊர் உங்களை அறிய வேண்டும், முடிவில் வேலையை ஒப்படைக்க வேண்டும். இடையில் நீங்கள் ஒடிந்துபோகாமல் இருக்க வேண்டும். ஓய்வே எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, ஒப்பந்தம் பாதியில் நிற்கப் பெட்டியைக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வெள்ளி மத்தியானப் பயணம் விடுமுறைக் கணக்கில் சேராது. கிளினிக் நாள் என்று ஒன்றை நிர்ணயித்து, அதை நம்பிக் கைப்பிள்ளையோடு பல மைல் நடந்துவரும் தாய்மாருக்கு, சொல்லிவிட்டுப் போகும் இரண்டு கிழமையைவிடச் சொல்லாமல் போகும் அரை நாள்தான் அதிகம் வலிக்கும். இதை அந்தத் தொண்டர்களுக்குச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது அல்ல, அதற்கு மேற்பார்வையாளர் இருக்கிறார்.

வேலை செய்யும் கிராமத்திலேயே தங்கியிருந்து ஓய்வெடுக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் கதவு தட்டப்படும். ஒரு மரணம் நேர்ந்தால் ஊரே வேலையை நிறுத்திவிட்டுச் செத்தவீட்டுக்குப் போகும், நீங்களும் போகத்தான் வேண்டும். அந்த நாளை ஓய்வு நாளாக எண்ணிவிடக்கூடாது.

ஆகவே நீங்களும் ஏரியைப் பார்க்கலாம். அந்த நீரில் நன்னீர் நத்தைகளிலிருந்து வெளிப்படும் பில்ஹார்சியா நோயைத் தரும் புழுக்கள் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியவை. குளித்த மறுநாளே மாத்திரை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்துப் பழகவேண்டாம். பிரசிகுவான்ரெல் என்னும் அந்த மாத்திரை முதிர்ந்த புழுக்களையே கொல்லும் என்பதால், கடைசியாக நீரில் இறங்கிச் சில கிழமைகள் கழித்தே அதை எடுக்க வேண்டும். எந்த நாளில் எடுப்பது என்பதை வைத்தியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொழும்புக்கு வரும்போது இன்னொன்று. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது, ஆனால் அதைப் பரப்பும் நுளம்பு இங்கே இன்னும் இருக்கிறது. கட்டுநாயக்காவில் இறங்கியதும் தடுப்பு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாமல், வந்த கிழமையிலேயே நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியாத் தடை இயக்கத்துக்குப் போய் உங்கள் மாத்திரைகளைக் காட்டி ஆலோசனை பெறுங்கள். ஆடி மாதம் கொழும்பில் டெங்கு ஏறும் காலமும் ஆகும். விடுமுறையில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டால், கொட்டாஞ்சேனையில் யாரும் முதலில் டெங்கு என்றே நினைப்பார்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் மலாவியிலிருந்து வந்திருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையை அன்றைக்கே செய்யும்படி கேளுங்கள்.