முதல் பேஸைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் அவுட்டா?

சாஃப்ட்பால், பேஸ்பால் ஆட்டத்தில் முதல் பேஸைத் (ஓடுபவர் தொட வேண்டிய முதல் தளம்) தாண்டி இடப்பக்கம் திரும்பிய உங்கள் மகளை நடுவர் அவுட் என்றது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இடப்பக்கம் திரும்பியது மட்டுமே அவுட் ஆகாது. முதல் பேஸைத் தொட்டுத் தாண்டியவர் இரண்டாவது பேஸுக்குப் போக முயன்றால்தான், பந்தால் தொட்டு அவுட் ஆக்கலாம். உடனே முதல் பேஸுக்குத் திரும்பிவிட்டால், எந்தப் பக்கம் திரும்பினாலும் கவலையில்லை.

ஆனால் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் உங்கள் மகள், பந்து நழுவியதைக் கண்டு இரண்டாவது பேஸை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள் என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். நடுவர் அதையே முயற்சியாக எடுத்திருப்பார்.

அடுத்த முறை பயிற்சியாளர் நடுவரிடம் ஒன்றே ஒன்று கேட்கட்டும்: "திரும்பியதற்கா, முயன்றதற்கா?" திரும்பியதற்கு என்றால் நடுவர் விதியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார், அடுத்த பந்து வீசப்படுவதற்குள் ஆட்சேபம் தெரிவித்துவிட வேண்டும். முயன்றதற்கு என்றால் அது நடுவர் கண்ணால் கண்டு எடுத்த முடிவு, ஆட்சேபம் எடுபடாது. மதுரை வெயிலில் கத்தினால் தொண்டைதான் வறளும்.