கடலை நம்பி ஆண்ட கரௌசியஸ்: கேள்வி பதில்

ரோமப் பேரரசிலிருந்து பிரிட்டனையும் வட கௌல் (இன்றைய பிரான்ஸ்) கரையையும் பிரித்துக்கொண்டு தனியாக ஆண்டவர் கரௌசியஸ். ஏழு ஆண்டு அவர் ஆட்சி. அவரைக் கொன்றுவிட்டு வந்த அலெக்டஸுக்கு மூன்று ஆண்டு. உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கேள்வி: கரௌசியஸ் அரச குடும்பத்து ஆளா? படையில் எப்படி இவ்வளவு மேலே வந்தார்?

அரச குடும்பம் இல்லை. மெனாபியர் என்ற குலத்தில், மிக எளிய வீட்டில் பிறந்தவர். இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துக் கடலோரம் அந்தக் குலத்தின் பூமி. சிறு வயதில் கூலிக்குக் கப்பலில் சுக்கான் பிடித்தவர் என்று ரோம வரலாற்றாசிரியர் அவ்ரேலியஸ் விக்டர் எழுதுகிறார். கி.பி. 286-இல் கௌலில் பகாவுதே என்ற கிராமப்புறக் கலகக்காரர்களை, டயோக்ளீஷியனோடு சேர்ந்து பேரரசை ஆண்ட மாக்சிமியன் அடக்கினார். அந்தப் போரில் கரௌசியஸ் பெயர் வாங்கினார். கடல் தெரிந்தவர், போரும் தெரிந்தவர் என்பதால் வட கௌலின் பூலோன் துறைமுகத்தில் ஒரு கப்பற்படையைத் திரட்டி, பிராங்க், சாக்சன் என்ற ஜெர்மானியக் குலங்களின் கடற்கொள்ளையரை ஒழிக்கும் வேலை அவரிடம் வந்தது.

கேள்வி: கொள்ளைப் பொருளைச் சுருட்டினார், அதனால்தான் மரண தண்டனை என்று படித்தேன். உண்மையா ஐயா?

குற்றச்சாட்டு உண்மை. குற்றம் நிரூபணமானது என்று யாரும் எழுதவில்லை. பிடித்த பொருளை மக்களிடம் முழுதாகத் திருப்பித் தரவில்லை, பேரரசர்களுக்கும் அனுப்பவில்லை. கொள்ளையரை வேண்டுமென்றே உள்ளே விட்டு, பொருளோடு திரும்பும்போது மடக்குகிறாரோ என்ற சந்தேகம் கிளம்பியது என்று ரோம வரலாற்றாசிரியர் யூட்ரோப்பியஸ் சொல்கிறார். அவர் எழுதியது சம்பவம் நடந்து எண்பது ஆண்டு கழித்து. என் கணிப்பைச் சொல்கிறேன்: வரும் படகைத் திறந்த கடலில் தேடிப் பிடிப்பது அந்தக் காலத்தில் மிகக் கடினம். எங்கே கொள்ளை நடந்தது என்று தெரிந்தபின், பாரம் ஏற்றி மெதுவாகத் திரும்பும் படகை மடக்குவது எளிது. கடலோரக் காவலுக்கு அது நியாயமான உத்திதான். பொருள் எங்கே போனது என்பதுதான் வம்பானது. மாக்சிமியன் கொல்ல ஆணையிட்டார். கரௌசியஸ் 286 கடைசியிலோ 287 தொடக்கத்திலோ பேரரசருக்குரிய ஊதா அங்கியைப் போட்டுக்கொண்டு பிரிட்டனைக் கைப்பற்றினார்.

கேள்வி: ஒரு தீவை வைத்துக்கொண்டு இரண்டு பேரரசர்களை எப்படித் தாக்குப்பிடித்தார்?

தீவை மட்டும் வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்திருக்க முடியாது. 297-இல், பிரிட்டனை மீட்ட கான்ஸ்டான்டியஸ் முன்னால் படிக்கப்பட்ட புகழுரை, கரௌசியஸ் கையில் என்னென்ன இருந்தன என்று எதிரியின் வாயாலேயே சொல்கிறது: கௌலைக் காத்துவந்த கப்பற்படை முழுவதும், ரோமப் பாணியிலேயே புதிதாகக் கட்டிய கப்பல்கள், அவர் பக்கம் சேர்ந்த ஒரு லெஜியன் (ரோமப் பெரும்படைப் பிரிவு), திரட்டப்பட்ட கௌல் வணிகர்கள், கொள்ளை ஆசை காட்டிச் சேர்த்த பிராங்க் வீரர்கள். இவர்கள் எல்லோருக்கும் கடல் வேலை பழக்கப்பட்டது.

மாக்சிமியனிடம் இது எதுவும் இல்லை. ஆற்றுத்துறைகளில் புதிதாகக் கப்பல் கட்ட வேண்டியிருந்தது. 289 ஏப்ரலில் அவருக்குப் படித்த புகழுரை, கப்பல்கள் தயார், வெற்றி நிச்சயம் என்கிறது. 291-இல் படித்த உரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 297 உரை, கடல் சீறியதால் வெற்றி தள்ளிப்போனது என்கிறது. நம் படைகள் கடலுக்குப் புதியவை என்றும் ஒப்புக்கொள்கிறது. இந்த மூன்று உரைகளையும் வரிசையாக வைத்தால் தோல்வி தானாகத் தெரிகிறது. ஓட்டத் தெரியாத மாலுமிகளை ஏற்றி, அலையும் நீரோட்டமும் வலுத்த ஆங்கிலக் கால்வாய்க் கடலில் இறக்கினால் வேறென்ன நடக்கும்?

பூலோன் அவர் கையில் இருந்ததும் முக்கியம். எதிரிக் கப்பல் புறப்பட வேண்டிய இடத்தையே அவர் பிடித்து வைத்திருந்தார்.

கேள்வி: சார், ஏலத்தில் ஒரு கரௌசியஸ் காசு வாங்கலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது? சுத்தம் செய்யலாமா?

முதலில் முகத்தைப் பாருங்கள். தடித்த கழுத்து, அடர்ந்த தாடி, தலையில் கதிர் கிரீடம். சுற்றிலும் இம்ப் (பேரரசர்), பிறகு கரௌசியஸ், கடைசியில் பி எஃப் அவ்க் (பக்தியும் நற்பேறும் உடைய அகஸ்டஸ்) என்று லத்தீன் எழுத்துகள் வரும். 'யூ' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'வி' போல இருக்கும். அதைப் பிழை என்று நினைக்காதீர்கள். பின்பக்கத்தில் பெரும்பாலும் பாக்ஸ், அதாவது அமைதித் தேவி, கையில் ஒலிவக் கிளையோடும் செங்கோலோடும் நிற்பாள். அடியில் எம், எல் எழுத்துகள் இருந்தால் லண்டன் அச்சகம்; எடை அநேகமாக 3 முதல் 5 கிராமுக்குள். கால்வாய்க்கு எதிர்ப்பக்கம், கௌலின் ரூவான் நகரிலும் காசு அடித்தார்கள்.

தொடக்கக் காசுகள் சில முரடாக இருக்கும். பழைய கௌல் பேரரசர்களின் காசை எடுத்து அதன் மேலேயே அடித்தவையும் உண்டு. கிரீடத்தின் ஓரத்தில் பழைய எழுத்தின் மிச்சம் தலைகீழாக எட்டிப் பார்க்கும். அப்படி இருந்தால் போலி என்று ஒதுக்க வேண்டாம், அதற்கே ஆர்வலர்கள் உண்டு. ஒதுக்க வேண்டியது வார்ப்புப் போலியை. விளிம்பைச் சுற்றி ஓடும் ஒட்டுக்கோடு, பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள், மழுங்கிய எழுத்தோரம் ஆகிய மூன்றையும் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்துவிடலாம்.

சுத்தம் செய்யும் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது. இந்தக் காசுகள் செம்புக் கலவை. சிலவற்றின் மேல் வெள்ளிப் பூச்சு மிக மெல்லியதாக ஒட்டியிருக்கும். புளிக் கரைசலில் போட்டால் பூச்சும் போகும், எழுத்தைக் காத்து நிற்கும் பச்சைப் படிவும் போகும். மண் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றி, மென்மையான தூரிகையால் எடுங்கள். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது உலோகத்தைத் தின்னும் நோய். அந்தக் காசைத் தனியாக, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். நம் ஊர்க் கடலோர ஈரப்பதத்துக்கு இது கட்டாயம்.

கேள்வி: கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்தது என்று சொல்லி ஒருவர் கரௌசியஸ் காசு விற்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டாம். கரூரில் ரோமக் காசுகள் நிறையக் கிடைத்திருப்பது உண்மை. ஆனால் அவற்றில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக்காசும், நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செம்புக்காசும்தான் பெரும்பங்கு. கரௌசியஸ் காசு புழங்கியது பிரிட்டனிலும் எதிர்க்கரையிலும்.

கேள்வி: அவருடைய வெள்ளிக் காசில் அப்படி என்ன சிறப்பு?

அன்று பேரரசின் மற்ற பகுதிகளில் வெள்ளிக்காசு என்று புழங்கியதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளி இருந்தால் பெரிது. கரௌசியஸ் அடித்த டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசில் ஏறத்தாழ 90 சதவீதம் வெள்ளி. டயோக்ளீஷியன் நல்ல வெள்ளிக்காசுக்குத் திரும்பியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். சம்பளத்தை இப்படிக் கொடுத்தால் படை ஏன் விட்டுப் போகும்?

அந்தக் காசில் சொன்ன சேதியும் கவனிக்கத்தக்கது. ஒன்றில் பிரிட்டானியா தேவி அவர் கையைப் பிடித்து, 'எதிர்பார்த்திருந்தவனே, வா' என்று வரவேற்கிறாள். ரோமக் கவிஞர் வெர்ஜிலின் காவிய வரியைத் தழுவிய வாசகம். பல வெள்ளிக்காசுகளின் அடியில் ஆர், எஸ், ஆர் என்ற எழுத்துகள். அவை வெர்ஜிலின் நான்காம் ஆயர்பாடலில் பொற்காலம் திரும்புவதைப் பாடும் சொற்களின் முதலெழுத்துகள் என்ற விளக்கம் 1990-களில் வந்தது. அடுத்த வரியின் முதலெழுத்துகள் ஒரு பதக்கத்தில் அப்படியே இருப்பதால் அந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத கடற்கொள்ளையன் என்று அவரைப் பேசுவோர் இதைப் பார்க்க வேண்டும்.

2010-இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் ஊர்ப்பக்கம் ஒரே பானையில் 52,503 ரோமக் காசுகள் கிடைத்தன. அவற்றில் கரௌசியஸ் காசு 760-க்கும் மேல். வெள்ளி டெனாரியஸ் ஐந்தே ஐந்து.

கேள்வி: டயோக்ளீஷியனும் மாக்சிமியனும் அவரைச் சக பேரரசராக ஏற்றார்களா?

இல்லை. 'கரௌசியஸும் அவர் சகோதரர்களும்' என்று மூன்று முகங்களை அடுத்தடுத்துப் பொறித்துக் காசு அடித்தது அவர் பக்கம் மட்டும்தான். அவர்களுடைய அச்சகம் ஒன்றுகூட அவர் பெயரில் அடிக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் எங்கே சறுக்கினார்?

பூலோனில். 293 மார்ச் 1 அன்று கான்ஸ்டான்டியஸ் சீசர், அதாவது துணைப் பேரரசர், ஆனார். ஆனதும் நேரே பூலோனை முற்றுகையிட்டார். நிலவழியை அடைத்தால் போதாது. ஏற்றநீர் வரும்போதெல்லாம் கப்பல் உள்ளே நுழையும், உணவும் ஆளும் வந்துகொண்டே இருக்கும். ஆகவே துறைமுக வாயிலில் மரத்தூண்களை நெருக்கமாக அடித்து, இடையில் பாறைகளைக் கொட்டி, கடலையே தடுத்துவிட்டார். உள்ளே இருந்தவர்களுக்குக் கப்பல் கண்ணில் படும், எட்டாது. சரணடைந்தார்கள். முற்றுகை முடியும்வரை தாங்கிய அந்த அணை, அதற்குப்பின் வந்த முதல் அலையிலேயே உடைந்தது என்று புகழுரை சொல்கிறது. அதில் மிகை இருக்கலாம். அந்தக் கரையின் ஏற்றவற்றத்துக்கு அவசர அணை வெகுநாள் நிற்காது என்பது மட்டும் உறுதி.

பூலோன் போனதும் கரௌசியஸின் பேர் கெட்டது. அதே ஆண்டு, நிதிப் பொறுப்பில் இருந்த அலெக்டஸ் அவரைக் கொன்றார். தன் குற்றங்களுக்குத் தண்டனை வருமென்று பயந்து கொன்றதாக விக்டர் எழுதுகிறார்.

கேள்வி: அலெக்டஸிடமும் கப்பற்படை இருந்ததே, 296-இல் ஏன் தோற்றார்?

கான்ஸ்டான்டியஸ் அவசரப்படவில்லை. ரைன் முகத்துவாரத்துப் பிராங்குகளை முதலில் ஒடுக்கினார், கப்பல் கட்டினார். பிறகு இரண்டு அணி: பூலோனிலிருந்து அவர், செய்ன் நதி முகத்திலிருந்து அவருடைய தளபதி அஸ்க்லெபியோடோட்டஸ். அலெக்டஸின் கப்பல்கள் பிரிட்டனின் தென்கரைக்கு அடுத்த வைட் தீவருகே பதுங்கிக் காத்திருந்தன. அடர்ந்த மூடுபனியில் செய்ன் அணி அவற்றைக் கடந்தே போய்விட்டது, யாருக்கும் தெரியவில்லை. இறங்கியதும் அஸ்க்லெபியோடோட்டஸ் தன் கப்பல்களைக் கொளுத்தினார்.

அலெக்டஸ் முழுப்படை சேரும்வரை காத்திருக்கவில்லை. கூட்டாளிகளையும் கூலிப்படையையும் மட்டும் கூட்டிக்கொண்டு, அணிவகுக்காமல் பாய்ந்தார். அரச சின்னங்களைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போராடியதால் பிணத்தை அடையாளம் காண்பதே கடினமாயிற்று. தப்பிய பிராங்க் கூலிப்படை லண்டனைச் சூறையாடக் கிளம்பியபோது, பனியில் வழிதவறிய கான்ஸ்டான்டியஸின் கப்பல்கள் தற்செயலாக அங்கே வந்து சேர்ந்து அவர்களை வெட்டிச் சாய்த்தன.

கேள்வி: நேரில் போய்ப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

அலெக்டஸ் லண்டனில் பெரிய கட்டடம் ஒன்றைத் தொடங்கினார். அடித்தளத் தூண்களுக்கு மரம் வெட்டியது 293-294 குளிர்காலத்தில் என்று ஆண்டு வளையங்கள் காட்டுகின்றன. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பெவன்சி கோட்டைச் சுவருக்கு அடியில் கருவாலித் தூண்களோடு அலெக்டஸ் காசு கிடைத்ததால், அந்தக் கோட்டையும் இக்காலத்ததே. சுவர் இன்றும் உயர்ந்து நிற்கிறது.

கரௌசியஸ் பெயர் பொறித்த கல் ஒன்றே ஒன்றுதான். 1894-இல் வட இங்கிலாந்தின் கார்லைல் அருகே பெட்டரில் ஆற்றில் கிடைத்த மைல்கல்; இப்போது கார்லைலின் டல்லி ஹவுஸ் அருங்காட்சியகத்தில். பிற்பாடு அதைத் தலைகீழாக நட்டு, மறுமுனையில் கான்ஸ்டான்டியஸின் மகன் கான்ஸ்டான்டைன் பெயரைப் பொறித்தார்கள். கரௌசியஸ் பெயர் இருந்த முனை மண்ணுக்குள் போனதால் உளி படாமல் தப்பியது.